எதிர்க்கேள்வி கேட்க ஓர் ஆள்

மேசைமேல் நான்கு அட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். நமக்குத் தெரியும் பக்கங்களில் இருப்பவை: அ, ட, 4, 7. “ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் கட்டாயம் இரட்டைப்படை எண்தான்” என்கிறார் ஒருவர். அவர் சொல்வது மெய்யா பொய்யா என்று கண்டுபிடிக்க எந்தெந்த அட்டைகளைத் திருப்பிப் பார்க்க வேண்டும்? தேவையில்லாத அட்டையைத் தொடக் கூடாது. மேலே படிப்பதற்குள் ஒரு விடையை முடிவு செய்துகொள்ளுங்கள்.

பெரும்பாலோர் ‘அ’வையும் ‘4’ஐயும் எடுப்பார்கள். ‘அ’ சரி. ஆனால் 4-ஐத் திருப்பி ஒரு பயனும் இல்லை. அதன் பின்னால் ‘ட’ இருந்தாலும் ‘க’ இருந்தாலும் விதிக்குக் கேடில்லை. உயிரெழுத்து இல்லாத அட்டையில் இரட்டைப்படை எண் வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. திருப்ப வேண்டியது 7. அதன் பின்னால் ஓர் ‘உ’ இருந்துவிட்டால் விதி அந்த இடத்திலேயே பொய்த்துவிடும். லண்டனில் பணியாற்றிய உளவியலாளர் பீட்டர் வாசன் 1960-களில் உருவாக்கிய புதிர் இது. தர்க்கம் என்று பார்த்தால் இரண்டே படிதான். ஆனாலும் படித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் இதில் வழுக்குகிறார்கள்.

1998-இல் டேவிட் மோஷ்மன், மோலி கைல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதே புதிரைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தார்கள். தனித்தனியாக உட்கார்ந்து யோசித்தவர்களில் 9 சதவீதம் பேர் மட்டுமே சரியான விடையைக் கண்டார்கள். ஐந்தாறு பேர் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வரும்படி சொன்னபோது, குழுக்களில் 75 சதவீதம் சரியான விடையை எட்டின. கூட்டத்தில் ஒரு கெட்டிக்காரர் இருந்து மற்றவர்கள் அவர் சொன்னதற்குத் தலையாட்டியிருப்பார்கள் என்று தோன்றும். அப்படியும் இல்லை. தொடக்கத்தில் ஒருவருக்குக்கூடச் சரியான விடை தெரியாத குழுக்கள் சிலவும் பேசிப் பேசியே அதை அடைந்தன. “4-ஐ ஏன் திருப்பணும்?” என்று ஒருவர் கேட்க, “பின்னால உயிரெழுத்து இருக்கான்னு பார்க்க” என்று இன்னொருவர் சொல்ல, “இல்லைன்னா என்ன ஆகும்?” என்று மூன்றாமவர் மடக்க, அந்த மூன்றாவது கேள்வியில் முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. தனியாக யோசிக்கும்போது அந்தக் கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்வதில்லை. அதைக் கேட்கும் திறமை நம்மிடம் இல்லாமலில்லை. அடுத்தவரிடம் அதை நொடியில் கேட்டுவிடுகிறோம்.

இதை இன்னும் நுட்பமாகக் காட்டிய சோதனை ஒன்று 2016-இல் வெளியானது. பிரெஞ்சு அறிவியலாளர் ஹியூகோ மெர்சியேயும் அவருடைய கூட்டாளிகளும் செய்தது. பழக்கடை, காய்கறிக்கடை பற்றிய சிறுசிறு தர்க்கப் புதிர்களைக் கொடுத்து, விடையையும் அதற்கான காரணத்தையும் எழுதச் சொன்னார்கள். பிறகு மற்றவர்களின் விடைகளையும் காரணங்களையும் காட்டி எடைபோடச் சொன்னார்கள். அவற்றில் ஒன்று மட்டும் உண்மையில் அவரவர் சற்று முன் எழுதிய காரணமேதான்; அடுத்தவருடையது என்று பெயர் மாற்றிக் கொடுக்கப்பட்டிருந்தது. ஏறக்குறையப் பாதிப் பேர் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்காதவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தங்கள் வாதத்தைத் தாங்களே ‘இது செல்லாது’ என்று தள்ளிவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டும் தள்ளவில்லை: நல்ல வாதங்களைவிடத் தவறான வாதங்களே அதிகம் தள்ளுபடி ஆயின.

அறிவைப் பற்றிய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சொந்தச் சரக்கென்றால் சோம்பல், அடுத்தவர் சரக்கென்றால் கூர்மை. இதை மனிதப் புத்தியின் குறையாகவே நெடுங்காலம் பேசிவந்தார்கள். மெர்சியேயும் மானுடவியலாளர் டான் ஸ்பெர்பரும் 2011-இல் முன்வைத்த கருத்து அதைத் தலைகீழாக்கியது. காரணம் காட்டும் ஆற்றல் தனித்திருந்து உண்மையைத் தேடுவதற்காக நம்மிடம் வளர்ந்ததல்ல, ஒருவரோடு ஒருவர் வாதிடுவதற்காக வளர்ந்தது என்றார்கள் அவர்கள். அப்படிப் பார்த்தால் நம் பக்கத்துக்குச் சாதகமான காரணங்களாகவே நாம் தேடிக் குவிப்பதில் வியப்பில்லை. எதிர்ப்பக்கத்துக் காரணங்களைத் தேடுவது எதிரே இருப்பவர் வேலை. தன் முதுகு தனக்குத் தெரியாது; எதிரே ஆள் இல்லாதபோது பாதி வேலை நடக்காமலே நின்றுவிடுகிறது. இந்தக் கருத்தை எல்லா உளவியலாளரும் ஏற்றுக்கொள்வதில்லை. அதுவும் விவாதத்தில்தான் இருக்கிறது.

வகுப்பறையில் இதைப் பயன்படுத்த முடியும் என்பதை ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-லிருந்தே செய்து காட்டினார். விரிவுரையின் நடுவே ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தனியாக ஒரு விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விடை எதுவென்று ஆசிரியர் சொல்ல மாட்டார். பக்கத்தில் இருப்பவரிடம் உன் விடையை நிறுவிக் காட்டு என்பார். சில நிமிடம் அரங்கமே இரையும். பிறகு மறுபடி வாக்கு. இதில் உண்மையில் யாரும் கற்கிறார்களா, அல்லது முதல் மாணவர் விடையைப் பக்கத்திலிருப்பவர் பார்த்து எழுதுவதுதானா என்ற சந்தேகம் நியாயமானது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் சுமார் 350 பேர் படித்த மரபியல் வகுப்பில் அதைச் சோதித்தார்கள். முடிவு 2009-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. தனியாக விடையளித்தபோது சராசரியாக 52 சதவீதம் சரி. பேசிய பின் அதே கேள்விக்கு 68. அடுத்து, அதே கோட்பாட்டை வேறு உருவில் கேட்கும் புதிய கேள்வி ஒன்று. அதற்கு யாரோடும் பேசாமல் தனியாகவே விடை சொல்ல வேண்டும். அதில் 73. பார்த்து எழுதியிருந்தால் இந்தப் புதிய கேள்வியில் சறுக்கியிருப்பார்கள். பேச்சின் போக்கில் ஏதோ ஒன்று புரிந்திருக்கிறது.

நம் ஊரில் விவாதம் என்றால் பேச்சுப் போட்டியும் பட்டிமன்றமும்தான் முதலில் நினைவுக்கு வரும். குரலும் சொல்லும் அங்கே பழகுகின்றன. மேடைப் பயத்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இயற்பியல் வகுப்பில், கணக்கு வகுப்பில், வரலாற்று வகுப்பில் “நீ சொல்வது எப்படிச் சரி?” என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையிடம் கேட்கும் ஐந்து நிமிடத்துக்குப் பாடவேளையில் இடம் கிடைப்பதில்லை. பாடத்தை முடிக்க வேண்டுமே என்கிறோம். அந்த ஐந்து நிமிடத்தில்தான் பாடம் தலைக்குள் போகிறது.

ஆராய்ச்சிக்கு வருவோம். 1920 ஏப்ரல் 26 மாலை, வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியக அரங்கில், அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் கூட்டம். இரண்டு வானியலாளர்கள், ஆளுக்கு 40 நிமிடம். ஒருவர் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹார்லோ ஷாப்லி, வயது 34. மற்றவர் லிக் ஆய்வகத்தின் ஹீபர் கர்ட்டிஸ், 47. கேள்வி இதுதான்: அண்டம் எவ்வளவு பெரியது?

அன்றைய நிலையில் இதற்குள் இரண்டு கேள்விகள் இருந்தன. நம் பால்வீதியின் அகலம் என்ன என்பது ஒன்று. தொலைநோக்கியில் சுருள் சுருளாகத் தெரியும் நெபுலாக்கள் பால்வீதிக்குள் இருக்கும் வாயு மூட்டங்களா, அல்லது நம்முடையதைப் போன்ற தனித்தனி நட்சத்திர மண்டலங்களா என்பது மற்றொன்று. ஷாப்லி கோளக் கொத்துகளை அளந்தவர். நட்சத்திரங்கள் பல்லாயிரக்கணக்கில் பந்துபோல் திரண்டிருக்கும் அந்தக் கொத்துகள் வானத்தில் சீராகப் பரவியிருக்கவில்லை. தனுசு ராசியின் பக்கமாகவே மிகுந்திருந்தன. ஆகவே பால்வீதியின் மையம் அங்கே இருக்கிறது, சூரியன் அதிலிருந்து வெகு தொலைவில் ஓர் ஓரத்தில் இருக்கிறது என்றார். பால்வீதியின் அகலம் 3 லட்சம் ஒளியாண்டு என்பது அவர் கணக்கு. இவ்வளவு பெரிய மண்டலத்துக்கு வெளியே இன்னும் இப்படி ஆயிரம் இருக்கும் என்று அவரால் நம்ப முடியவில்லை. கர்ட்டிஸோ பால்வீதி 30,000 ஒளியாண்டுதான், சூரியன் அதன் நடுப்பக்கத்தில் இருக்கிறது, சுருள்கள் யாவும் தொலைதூரத்துத் தனி மண்டலங்கள் என்றார்.

யார் வென்றார்கள்? அன்று மாலை யாருமே வெல்லவில்லை. இன்று நாம் அறிந்தபடி பால்வீதி சுமார் 1 லட்சம் ஒளியாண்டு அகலம். சூரியன் மையத்திலிருந்து ஏறக்குறைய 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. சூரியனின் இடத்தில் ஷாப்லி சரி, சுருள்களில் கர்ட்டிஸ் சரி, அகலத்தில் இருவரும் தவறு. ஆனால் மேடையைவிட மேடைக்குப் பிறகு நடந்ததே முக்கியம். இருவரும் தங்கள் கட்டுரைகளின் வரைவுகளை ஒருவருக்கொருவர் அனுப்பி, மற்றவருடைய மறுப்பைப் படித்து, பதில் சேர்த்து, 1921-இல் ஒரே வெளியீடாக அச்சிட்டார்கள். அதில்தான் உண்மையான விவாதம் இருக்கிறது.

ஷாப்லியின் கையில் வலுவான இரண்டு ஆயுதங்கள் இருந்தன. 1885-இல் ஆண்ட்ரொமீடா சுருளில் ஒரு நட்சத்திரம் திடீரென்று வெடித்து ஒளிர்ந்தது. கர்ட்டிஸ் சொல்லும் தொலைவில் ஆண்ட்ரொமீடா இருந்தால், அந்த ஒற்றை நட்சத்திரம் எந்த நோவாவும் (இப்படித் திடீரென்று ஒளிரும் நட்சத்திரம்) நினைத்துப் பார்க்க முடியாத அளவு ஒளியைக் கொட்டியிருக்க வேண்டும். அது நடக்கிற காரியமா என்று கேட்டார் ஷாப்லி. இந்த மறுப்புக்கு முகம்கொடுக்க வேண்டிவந்த கர்ட்டிஸ், வெடிக்கும் நட்சத்திரங்கள் ஒரே வகையாக இல்லாமல் இருவகையாக இருக்கக்கூடும் என்று எழுதினார். எதிராளி நெருக்கியதால் பிறந்த ஊகம் அது. சூப்பர்நோவா என்ற தனி வகையை வால்டர் பாடேயும் ஃபிரிட்ஸ் ஸ்விக்கியும் தெளிவாக முன்வைத்தது 1934-இல்தான்.

இரண்டாவது ஆயுதம் இன்னும் கூர்மையானது. ஷாப்லியின் நண்பர் அட்ரியான் வான் மானன், பல ஆண்டு இடைவெளியில் எடுத்த புகைப்படத் தகடுகளை ஒப்பிட்டு, சுருள் நெபுலாக்கள் சுழல்வது கண்ணுக்குத் தெரிகிறது என்று அளந்து சொல்லியிருந்தார். வெகு தொலைவில் இருக்கும் ஒன்று சில ஆண்டுகளிலேயே சுழல்வது தெரிய வேண்டுமானால், அதன் விளிம்பு ஒளியைவிட வேகமாக ஓட வேண்டும். ஆகவே சுருள்கள் அருகில்தான் இருக்க வேண்டும். கர்ட்டிஸ் அந்த அளவீடுகளை நம்பவில்லை. அத்தனை நுண்ணிய நகர்வை மங்கலான நெபுலாவில் உறுதியாக அளக்க இன்னும் காலம் வேண்டும் என்றார். அதோடு நிறுத்தவில்லை. அடுத்த 25 ஆண்டுகளில் வேறுவேறு பார்வையாளர்களும் இந்தச் சுழற்சியை உறுதிசெய்தால் என் கொள்கையைக் கைவிட வேண்டியதுதான் என்று அளவையும் குறிப்பிட்டே அச்சில் எழுதிவைத்தார். நான் எங்கே தோற்பேன் என்பதை அவரே கோடு கிழித்துக் காட்டினார். விவாதம் ஆராய்ச்சிக்குத் தரும் மிகப் பெரிய கொடை இதுதான் என்று நினைக்கிறேன். என்ன கண்டுபிடித்தால் யார் சொன்னது விழும் என்று ஊரறியத் தெரிந்துவிட்டால், அடுத்து எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது.

தேடல் நீண்ட நாள் பிடிக்கவில்லை. 1923 அக்டோபரில் மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கியில் எட்வின் ஹபிள் எடுத்த ஆண்ட்ரொமீடா தகட்டில் ஒரு செஃபீட் நட்சத்திரம் சிக்கியது. அதன் ஒளி கூடிக் குறைய எடுத்துக்கொண்ட காலம் 31 நாள். செஃபீட் எவ்வளவு மெதுவாகத் துடிக்கிறதோ அவ்வளவு ஒளிமிக்கது என்பதை ஹென்ரியெட்டா லீவிட் முன்பே காட்டியிருந்தார். அதை வைத்து ஹபிள் தொலைவைக் கணக்கிட்டபோது 9 லட்சம் ஒளியாண்டுக்குச் சற்று மேல் வந்தது. இன்றைய அளவு 25 லட்சம். எப்படியானாலும் ஆண்ட்ரொமீடா பால்வீதிக்கு வெளியேதான். கர்ட்டிஸின் முடிவை நிலைநாட்டியது ஷாப்லி நம்பிய, கர்ட்டிஸ் சந்தேகித்த செஃபீட் அளவுகோல். 1924-இல் ஹபிளிடமிருந்து கடிதம் வந்ததும் தன் அண்டம் தகர்ந்ததை ஷாப்லி உடனே உணர்ந்தார். வான் மானனின் சுழற்சி வெறும் அளவீட்டுப் பிழை என்று பின்னர் தெரிந்தது. அகலத்தை ஷாப்லி மிகைப்படுத்தியதற்கு நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள தூசி ஒளியை மங்கச் செய்வது முக்கியக் காரணம் என்பதை 1930-இல் ராபர்ட் டிரம்ப்ளர் காட்டினார்.

இதே வானியலில் பதினைந்து ஆண்டு கழித்து நடந்தது வேறு மாதிரி. 1935 ஜனவரி 11, லண்டன் அரச வானியல் கழகம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து கேம்பிரிட்ஜ் போன சுப்பிரமணியன் சந்திரசேகர், 24 வயது, தன் கணக்கை வாசித்தார். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் வெண்குறுமீனாக அடங்க வேண்டுமானால் அதன் நிறை சூரியனைப் போல சுமார் 1.4 மடங்குக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேற்பட்டால் அது சுருங்கிக்கொண்டே போகும். அடுத்துப் பேசியவர் ஆர்தர் எடிங்டன், அன்றைய வானியலின் பெரும்புள்ளி. அதற்கு முந்தைய மாதங்களில் சந்திரசேகரின் அறைக்கே வந்து கணக்கு எப்படிப் போகிறது என்று விசாரித்தவர் அவர்; தனக்குள்ள மறுப்பை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேடையில் அந்த முடிவே அபத்தம் என்றார். அவை சிரித்தது. சந்திரசேகருக்குப் பதில் சொல்ல வாய்ப்பே தரப்படவில்லை. பாலி போன்ற இயற்பியல் மேதைகள் தனிப்பட்ட முறையில் சந்திரசேகரே சரி என்றார்கள். வெளியே வந்து அதைச் சொல்லவில்லை. அவர் அந்தப் பொருளை விட்டு விலகி வேறு ஆய்வுகளுக்குப் போனார். அந்த எல்லை நிலைபெற்று, நட்சத்திரங்களின் அமைப்பையும் பரிணாமத்தையும் பற்றிய ஆய்வுகளுக்காக நோபல் பரிசு வந்தபோது ஆண்டு 1983.

எடிங்டன் மறுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். மறுப்பது அறிவியலாளர் கடமை. மறுப்பை ஒளித்துவைத்து மேடையில் எடுத்ததும், பதிலுக்கு இடமில்லாமல் போனதும், உடன்பட்டவர்கள் வாய்மூடி இருந்ததும்தான் குற்றம். வாதத்துக்கு ஒழுங்கு வேண்டும் என்பதை நம் முன்னோர் மிக நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள். கௌதமரின் நியாய சூத்திரம் உண்மையை அறியப் பேசுவதை வாதம் என்றும், எப்படியாவது வெல்லப் பேசுவதை ஜல்பம் என்றும், தனக்கென ஒரு நிலைப்பாடும் இல்லாமல் எதிராளியை உடைப்பதை மட்டும் விதண்டை என்றும் பிரிக்கிறது. ஒருவர் தோற்றதாகக் கருத வேண்டிய இடங்கள் 22 என்று பட்டியலும் போடுகிறது. நடுவில் கட்சியை மாற்றினால் தோல்வி. எதிராளி மூன்று முறை சொன்னதைத் திருப்பிச் சொல்லத் தெரியாவிட்டால் தோல்வி. வேறு வேலை இருக்கிறதென்று எழுந்து போனால் தோல்வி. எதிராளியின் பிழையைக் கவனியாமல் விட்டாலும் தோல்விதான். தமிழில் மணிமேகலை, துறவு பூண்ட நாயகிக்குத் தர்க்கப் போலிகளை வகைவகையாகக் கற்பிக்க ஒரு காதையின் பெரும்பகுதியை ஒதுக்குகிறது.

அரசியலுக்கு இந்த ஒழுங்கு பொருந்துமா? அங்கே தகடு எடுத்து அளந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வழியில்லை. கை தூக்கி எண்ண வேண்டியிருக்கிறது. இருந்தும் நல்ல முன்மாதிரி ஒன்று நம்மிடமே உண்டு. 1946 டிசம்பரில் கூடிய அரசியல் நிர்ணய சபையில் அரசியலமைப்பு வரைவுக்குச் சுமார் 7,635 திருத்தங்கள் தரப்பட்டன. அவற்றில் 2,473 சபையில் எடுத்துக்கொள்ளப்பட்டன. 1949 நவம்பர் 25-இல் ஆற்றிய உரையில் அம்பேத்கர், தன்னை ஓயாமல் மறுத்துவந்த காமத், கே.டி. ஷா, குன்ஸ்ரு போன்றவர்களைப் பெயர் சொல்லி நன்றியோடு குறிப்பிட்டார். எல்லோரும் கட்சிக் கட்டுப்பாட்டுக்கு அடங்கிப் போயிருந்தால் கொள்கைகளை விளக்கும் வாய்ப்பே தனக்குக் கிடைத்திருக்காது என்பது அவர் வாதம்.

அந்த விவாதங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1948 டிசம்பரில் உயிர், சுதந்திரம் பற்றிய ஷரத்து வந்தது. ‘சட்டம் நிறுவிய நடைமுறைப்படி அன்றி’ எவருடைய சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்றது வரைவு. சட்டமன்றம் அநியாயமான நடைமுறையையே சட்டமாக்கினால் என்ன செய்வது, நடைமுறை நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கும்படி வாசகத்தை மாற்றுங்கள் என்று திருத்தம் கொண்டுவந்தார் காஜி சையது கரிமுதீன். சென்னையைச் சேர்ந்த மகபூப் அலி பெய்க்கும் கே.எம். முன்ஷியும் அதே பக்கம் பேசினார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த சபையின் சட்டத்தை நீதிபதிகளின் விருப்பத்துக்கு விடுவதா என்று எதிர்த்தார் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். டிசம்பர் 13-இல் எழுந்த அம்பேத்கர் ஒரு பக்கம் சாயவில்லை. இரு பக்க ஆபத்தையும் விரித்துச் சொல்லிவிட்டு, முடிவைச் சபைக்கே விட்டார். திருத்தம் தோற்றது.

தோற்ற வாதம் அத்தோடு அடங்கிவிடவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அம்பேத்கரே ஒரு புதிய ஷரத்தோடு வந்தார். முன்பு நிறைவேற்றியதில் விழுந்த ஓட்டையை ஈடுகட்டவே இது என்று சபையில் வெளிப்படையாகச் சொன்னார். கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று இன்று 22-ஆம் ஷரத்தில் இருப்பவை அப்படி வந்தவை. 1950-இல், சென்னை மாகாணத்தில் காவலில் வைக்கப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ‘சட்டம் நிறுவிய நடைமுறை’ என்பதன் குறுகிய பொருளையே ஏற்றது; நீதிபதி பசல் அலி மட்டும் மாறுபட்டு எழுதினார். மாறுபட்ட தீர்ப்பு யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் அது அச்சில் இருக்கும். 1978-இல் மேனகா காந்தி வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு, நடைமுறை என்றால் அது நியாயமாகவும் நேர்மையாகவும் பகுத்தறிவுக்குப் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும் என்றது. கரிமுதீன் கேட்டுத் தோற்ற திருத்தத்தின் சாரம், ஒரு சொல்லும் மாறாத அதே ஷரத்துக்குள் முப்பது ஆண்டுகளில் வந்து சேர்ந்தது.